நிபந்தனை எண் ஏழு

கூட்டம் எதுவானாலும்
மேடைக்கு இடப்பக்கம், பாக்ஸ் ஸ்பீக்கருக்குப் பின்னால்
எனக்கொரு நாற்காலி இருக்கும்.
சீருடை கிடையாது. ஆனாலும்
டீக்காரப் பையன் என்னிடம் காசு வாங்குவதில்லை,
அதிலேயே ஊருக்குத் தெரிந்துவிடும்.

இருபத்திரண்டு வருடமாய்
அடுத்தவர் பேச்சை எழுதுகிறேன்.
கைதட்டினால் அடைப்புக்குறிக்குள் கைதட்டல்.
தூறினால் தூறல்.
காங்கயம் வட்டாரத்தில்
என்னளவு பொறுமையாய்ப் பேச்சுக் கேட்டவன்
எந்தக் கட்சியிலும் இல்லை.

அனுமதிக் கடிதத்தில் பன்னிரண்டு நிபந்தனை.
ஒன்று, மாலை ஆறு முதல் எட்டு.
நாலு, கூம்பு ஒலிபெருக்கி கூடாது.
ஏழு, தனிநபர், நிறுவனம்
எதன் பெயரையும் குறிப்பிட்டுப் பேசக் கூடாது.
யார் சேர்த்ததோ தெரியாது,
நான் வேலைக்கு வரும் முன்பே இருந்தது.
நகலுக்கு நகல் எடுத்து
எழுத்துகளின் கால் தேய்ந்துவிட்டது.

தேர்வுக்கு மனப்பாடம் செய்தேன்:
பத்தொன்பது, ஒன்று, அ. பேச்சுரிமை, கருத்துரிமை.
ஒரே வரி.
உட்பிரிவு இரண்டுக்கு வந்தால்
இறையாண்மை, பொது ஒழுங்கு, நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு என்று
சொல்லி முடிக்க ரெண்டு மூச்சு வேண்டும்.
கொறங்காட்டுக் கிளுவை வேலி மாதிரி என்று
அப்போது நினைத்துக்கொண்டேன்.
வேலி இல்லாமல் மாடு நிற்காது, சரிதான்.
ஆனால் கிளுவைக்கு உயிருண்டு.
நாலு மழைக்கு வெட்டாமல் விட்டால்
காட்டுக்குள்ளே நடந்து வந்திருக்கும்.

போன மாசியில் ஒருவர் பேசினார். பேர் வேண்டாம்.
கணீர்க் குரல்.
ஒரு பெயர் சொல்லவில்லை, ஒரு சாதி சொல்லவில்லை.
"நம்ம பொண்ணுகளப் பத்தரமாப் பாத்துக்கோணுமுங்க.
ஆபத்து எங்கிருந்து வருதுன்னு உங்களுக்கே தெரியுமுங்க."
சொல்லிவிட்டு
வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் பார்த்து
மோவாயை ஒருதரம் அசைத்தார்.
அன்று ராத்திரி காலனியில் மூன்று கதவு உடைந்தது.
பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவனுக்கு நெற்றியில் ஒன்பது தையல்.
குறிப்பேட்டைப் புரட்டிய ஆய்வாளர்
"இதுல ஒண்ணுமில்லையே, ஏட்டய்யா" என்றார்.
உண்மைதான்.
மோவாய்க்கு எழுத்து கிடையாது.

வைகாசியில் கோகிலவாணி.
சாயப்பட்டறையில் பதினோரு வருடம் துணி முக்கியவள்,
நகக்கண்ணில் இன்னும் நீலம்.
நொய்யல் கரையில் ஒன்றரை ஏக்கர், ஒரு கிணறு.
ஏழாவது நிபந்தனையை என்னிடமே படித்துக் காட்டினாள்:
"ஏனுங், பேரு மட்டும் சொல்லப்படாது,
அவ்வளவுதானுங்களே?"

மேடையேறி ஒரு பாட்டிலைத் தூக்கிப் பிடித்தாள்.
கருஞ்சிவப்பு.
"எங்க கெணத்துத் தண்ணிங்க. திங்கக்கெழம சேந்துனது.
செவ்வாக்கெழம சேந்திருந்தா பச்சைங்க."
கொஞ்சம் நிறுத்திக் கேட்டாள்:
"இது யாரோட தண்ணிங்க?"

முன்னூறு வாய் ஒரு பெயரைச் சொன்னது.
ஸ்பீக்கர் தேவைப்படவில்லை.
ரோட்டோரம் கட்டியிருந்த எருமை திரும்பிப் பார்த்தது.
'பேசியவர்' என்ற கட்டத்தில்
யாரை எழுதுவது?
'ஊர்' என்று எழுதினேன்.

பட்டறைக்காரர் அவதூறு வழக்குப் போட்டார்.
மோவாய் அசைத்தவர்மேல் வழக்கில்லை.
என் குறிப்பேடு கோர்ட்டுக்கு வந்தது, பின்னாலேயே நானும்.
"சத்தமாப் படிங்க" என்றார் வக்கீல்.
எழுதியதை வாய்விட்டுச் சொல்லும் வேலை
இதுவரை எனக்கு வந்ததில்லை.
"இது யாரோட தண்ணி" வரைக்கும் வந்து
அந்த 'ங்க'வை விட்டுவிடலாமா என்று நாக்கு தயங்கியது.
விடவில்லை.

யாரும் பதில் பேசவில்லை.
மின்விசிறி மட்டும் கிறீச்சிட்டது.
மேசைமேல் மூடியிருந்த டம்ளரை
நடுவர் எடுத்தார், உள்ளே பார்த்தார்,
குடிக்காமலே வைத்தார்.
"அடுத்த வரி?"

அடுத்த வரியில்தான் அந்தப் பெயர்.
படித்தேன்.
என் குரல் எனக்கே புதிதாய் இருந்தது.

இங்கே எழுத மாட்டேன்.
இன்னும் பதினாலு வருடம் சர்வீஸ் இருக்கிறது.